ஒரு விபத்து எத்தனை நாள் கூலி?

பண்ணை வேலையில் நேரும் விபத்துகளின் செலவைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எங்கும் பணத்தொகை சொல்லப்போவதில்லை. ஓர் ஆளின் ஒரு நாள் கூலிதான் அளவுகோல். உங்கள் பகுதிக் கூலியால் பெருக்கிக்கொண்டால் உங்கள் கணக்கு கிடைத்துவிடும்.

கேள்வி: விபத்துச் செலவு என்றால் ஆஸ்பத்திரிச் செலவுதானே? அதற்கு மேல் கணக்குப் பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: ஆஸ்பத்திரிச் செலவுக்கு ரசீது வருகிறது, அதனால் அது கண்ணில் படுகிறது. மற்றவற்றுக்கு ரசீது கிடையாது. ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். அறுவடைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் பண்ணைக்காரரின் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை, மருந்து, வண்டி எல்லாம் சேர்த்து 60 கூலி. அவர் 45 நாள் வேலை செய்ய முடியாது. அதில் 24 நாள் அறுவடை நெருக்கடி. மாற்று ஆள் வைத்தே தீர வேண்டும், அந்த நேரத்தில் கூலியும் ஒன்றரை மடங்கு. ஆக 36 கூலி. மீதி 21 நாள் மாற்று ஆள் வைக்கவில்லை, அவர் செய்திருக்க வேண்டிய வேலை அப்படியே கிடந்தது; அது 21 கூலி. கூட இருந்து பார்த்துக்கொண்ட வீட்டு ஆளின் 20 நாள், 20 கூலி. அறுவடை ஆறு நாள் தள்ளியதில் விளைச்சலில் 4 சதவீதம் உதிர்ந்தது. மொத்த விளைச்சலின் மதிப்பு 500 கூலி என்றால் இழப்பு 20 கூலி. இயந்திரத்தைப் பிரித்துச் சரிசெய்தது 6. சிகிச்சைக்கு வாங்கிய 60 கூலிக் கடனுக்கு நூற்றுக்கு மாதம் 2 வட்டி, பத்து மாதத்துக்கு 12. சான்றிதழ், மனு, மறுபரிசோதனை என்று அலைந்த நாட்கள் 8.

கூட்டினால் 183 கூலி. ரசீது உள்ள செலவு அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

கணக்கு இத்துடன் முடியவில்லை. இரண்டு விரல் இல்லாத கையால் வேலைத்திறன் பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று வைப்போம். ஆண்டுக்கு 200 வேலைநாள் என்றால் ஆண்டுக்கு 20 கூலி போகிறது. இன்னும் 15 ஆண்டு உழைப்பவருக்கு 300 கூலி. பல ஆண்டுகள் கழித்து வரும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு. அதற்காக ஆண்டுக்கு 5 சதவீதம் கழித்தால் ஏறத்தாழ 208 கூலி நிற்கும். முன்னதோடு சேர்த்து 391. இப்போது ஆஸ்பத்திரிச் செலவு மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

இதில் பலரும் தவறுகிற இடம் ஒன்று. காயம்பட்டவர் இழந்த நாளையும், அதே நாளுக்கு வைத்த மாற்று ஆளின் கூலியையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். ஒரே நாளை இரண்டு முறை எண்ணக் கூடாது. மாற்று ஆள் வைத்த நாளுக்கு அவர் கூலி. வைக்காத நாளுக்குக் கிடந்த வேலையின் மதிப்பு.

கேள்வி: அதே காயம் வேறு மாதத்தில் நேர்ந்தால் செலவு குறையுமா?

பதில்: நிச்சயம் குறையும். மேலே உள்ள கணக்கில் அறுவடையை எடுத்துவிடுங்கள். ஒன்றரை மடங்கு கூலி இல்லை, உதிர்ந்த தானியம் இல்லை, 24 நாள் மாற்று ஆளும் தேவைப்பட்டிருக்காது. தொழிற்சாலையில் ஒரு நாள் நின்ற உற்பத்தியை அடுத்த வாரம் கூடுதல் நேரம் ஓட்டி ஈடுசெய்யலாம். விதைக்கும் ஈரம் அடுத்த வாரம் வரை காத்திருக்காது. களை எடுக்கும் நாள் தப்பினால் அந்தப் பருவம் முழுக்கக் களைதான். பால் கறக்கிற மாட்டுக்கு ஒரு வேளைகூட விடுப்பு கிடையாது.

கொடுமை என்னவென்றால், வேலை நெருக்கும் நாட்களில்தான் விபத்தும் அதிகம். நீண்ட நேர உழைப்பு, தூக்கக் குறைவு, மழைக்கு முன் முடிக்கும் அவசரம், பழக்கமில்லாத புது ஆட்கள், வாடகைக்கு வந்த தெரியாத இயந்திரம் எல்லாம் ஒரே வாரத்தில் சேர்கின்றன. செலவு அதிகமாகும் நாளும் விபத்து வாய்ப்பு அதிகமாகும் நாளும் ஒன்றே என்பதால், பாதுகாப்புச் சோதனையைப் பருவம் தொடங்கி ஆறப்போட்டுச் செய்வதில் பயனில்லை. அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பே, இயந்திரத்துக்கு எண்ணெய் மாற்றுகிற அதே நாளில் செய்துவிடுங்கள்.

கேள்வி: நேரடிச் செலவு ஒரு பங்கு என்றால் மறைமுகச் செலவு நான்கு பங்கு என்று படித்தேன். அதை அப்படியே பண்ணைக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். அந்த 1:4 விகிதத்தை 1930-களில் பரப்பியவர் ஹெர்பர்ட் வில்லியம் ஹைன்ரிச். காப்பீட்டுத் துறையில் இருந்தவர், தொழிற்சாலைகளைப் பார்த்துச் சொன்னார். காப்பீட்டு நிறுவனம் கொடுப்பது நேரடிச் செலவு, முதலாளி தலையில் விழுவது மறைமுகச் செலவு என்பது அவருடைய பிரிவினை. காப்பீடே இல்லாத பண்ணையில் இரண்டும் ஒரே வீட்டின் மேல்தான் விழுகின்றன. அதோடு, விபத்து நேர்ந்த மாதத்தைப் பொறுத்து விகிதம் ஏறி இறங்கும் என்பதை மேலே பார்த்தோம். உங்கள் கணக்கை நீங்களே போடுவதுதான் சரி.

உலக அளவில் ஒரு எண் உண்டு. வேலையிட விபத்துகளாலும் நோய்களாலும் ஆண்டுதோறும் உலகின் மொத்த உற்பத்தி மதிப்பில் சுமார் 4 சதவீதம் போகிறது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீடு. அது எல்லாத் தொழில்களுக்கும் சேர்த்து. சுரங்கம், கட்டுமானம் ஆகியவற்றோடு சேர்த்து மிக ஆபத்தான மூன்று துறைகளில் ஒன்றாக அவர்கள் விவசாயத்தை வைத்திருக்கிறார்கள். ஆனால் சொந்த நிலத்தில் உழைப்பவரும், சம்பளமில்லாமல் உழைக்கும் குடும்பத்தாரும் பெரும்பாலும் பதிவேடுகளில் ஏறுவதில்லை. அதனால் விவசாயத்தின் இழப்பு எப்போதும் குறைவாகவே தெரியும்.

கேள்வி: டிராக்டரின் விசையைப் பின்னால் மாட்டிய இயந்திரத்துக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டின் மேல் உள்ள பிளாஸ்டிக் உறை உடைந்துவிட்டது. வேலை நன்றாகத்தான் ஓடுகிறது. மாற்றுவது வீண்செலவு இல்லையா?

பதில்: அடுத்த வேலைக்கு முன் மாற்றுங்கள். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுழல்கிறது. நொடிக்கு 9 சுற்று. 7 செ.மீ. விட்டமுள்ள தண்டு ஒரு சுற்றில் 22 செ.மீ. துணியைச் சுருட்டும். அதாவது ஒரு நொடியில் ஏறத்தாழ 2 மீட்டர். துண்டு, சேலைத் தலைப்பு, தளர்ந்த சட்டைக் கை, அவிழ்ந்த கூந்தல் எது மாட்டினாலும், மாட்டியது மூளைக்கு எட்டுவதற்குள் கை தண்டில் இருக்கும். 1000 சுற்றுத் தண்டில் இன்னும் வேகம். இதில் சிறு காயம் என்பதே அரிது. கை போகும், அல்லது உயிர் போகும்.

உறை இருந்தால் மட்டும் போதாது. என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, உறையைக் கையால் சுழற்றிப் பாருங்கள். தண்டைவிட்டுத் தனியாக, இலகுவாகச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் உள்ளே இருக்கும் பேரிங் வளையம் கிரீஸ் இல்லாமல் இறுகிவிட்டது என்று பொருள். அப்போது உறையும் தண்டோடு சேர்ந்தே சுற்றும். மூடியிருப்பது போல் தோன்றும், பாதுகாப்பு ஒன்றும் இருக்காது. வேலை ஓடும்போது உறையைச் சுற்றவிடாமல் பிடித்து நிறுத்தும் சிறு சங்கிலி இருக்கிறதா பாருங்கள். முதலில் அறுந்து போவது அதுதான். இரு முனையிலும் உள்ள கூம்பு மூடிகள், டிராக்டர் பக்கம் உள்ள இரும்பு மூடி மூன்றும் இடத்தில் இருக்க வேண்டும். மூட்டுக்குக் கிரீஸ் அடிக்க வசதி என்று உறையை வெட்டி வைக்கிற பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த ஒரு விரல் அகல இடைவெளியில்தான் துணி மாட்டும்.

இன்னொன்று. அதிகச் சுமை வந்தால் முறிவதற்கென்றே போட்ட மென்மையான போல்ட் அடிக்கடி முறிகிறது என்று கடினமான போல்ட்டைப் போட்டுவிடாதீர்கள். போல்ட் முறியாவிட்டால் கியர்பாக்ஸ் முறியும், இல்லை தண்டே பிய்ந்து வீசும். முறிவது ஏன் என்று பாருங்கள்: இயந்திரத்தில் அடைப்பு, அளவுக்கு மீறிய ஊட்டம், மழுங்கிய கத்தி.

செலவைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு உறை உங்கள் பகுதியில் எத்தனை கூலிக்குக் கிடைக்கிறது என்று விசாரித்து, முதல் பதிலில் உள்ள 391-க்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்தக் கணக்கோ வெறும் இரண்டு விரலுக்கு.

கேள்வி: தீவனம் நறுக்கும் இயந்திரத்திலும் கதிரடிக்கும் இயந்திரத்திலும் கை போவதற்கு அஜாக்கிரதைதானே காரணம்?

பதில்: அந்த ஒரு சொல்லோடு விசாரணையை முடித்துவிட்டால் அடுத்த விபத்துக்கு இயந்திரம் அப்படியே காத்திருக்கும். கை ஏன் உள்ளே போகிறது? கத்தி மழுங்கியதால் தீவனம் நறுங்காமல் அடைக்கிறது. அடைத்ததைக் கையால் தள்ளுகிறார்கள். உருளை திடீரென்று பிடித்ததும் பிடித்த கட்டோடு கையும் போகிறது. ஆக, கத்தி தீட்டுவதும் பாதுகாப்பு வேலைதான்.

இயந்திரம் நின்றிருக்கும்போது, வழக்கமாக நிற்கும் அல்லது உட்காரும் இடத்திலிருந்து ஊட்டும் தட்டுக்குள் கையை முழுக்க நீட்டிப் பாருங்கள். விரல்நுனி உருளையையோ கத்தியையோ தொட்டால் தட்டு குட்டை, அல்லது அதன் மேல்மூடி குட்டை. நீட்டித்தே ஆக வேண்டும். பண்ணையில் இருப்பவர்களில் கை நீளமானவரை வைத்துச் சோதியுங்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். அது முழுதாக நின்று, பூட்டும் ஊசியைச் செருகிய பிறகுதான் அடைப்பை எடுக்க வேண்டும்.

கேள்வி: டிராக்டருக்கு மேல் கம்பிச் சட்டகம் போடச் சொல்கிறார்கள். பட்டறையில் குழாயை வளைத்து வெல்டிங் செய்துகொள்ளலாமா?

பதில்: கூடாது. கவிழும்போது டிராக்டரின் முழு எடையும் விசையோடு அந்தச் சட்டகத்தில் இறங்குகிறது. சோதித்துச் சான்று பெற்ற சட்டகம் அதைத் தாங்கி, ஓட்டுநரைச் சுற்றி ஓர் இடைவெளியைக் காப்பாற்றுகிறது. பட்டறைக் குழாய் மடங்கிவிடும். சான்று பெற்றதிலும் விளக்கு மாட்ட என்று துளை போட்டாலோ, வெல்டிங் வைத்தாலோ அதன் வலிமை போய்விடும்.

இருக்கைப் பட்டையும் சட்டகமும் ஒரு ஜோடி. சட்டகம் நிமிர்ந்திருந்தால் பட்டை கட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் தூக்கி எறியப்பட்டு அதே சட்டகத்தின் அடியில் விழ நேரும். சட்டகம் இல்லாத, அல்லது மடக்கி வைத்த டிராக்டரில் பட்டை கட்டக் கூடாது. புது டிராக்டர்களுக்குச் சட்டகம் கட்டாயம் என்று 1959-லேயே விதித்த நாடு ஸ்வீடன். அதன் பிறகு அங்கே கவிழ்ந்து இறப்பவர் எண்ணிக்கை பெரிதும் விழுந்தது.

கவிழாமல் பார்த்துக்கொள்ள மூன்று விஷயம். சுமையைக் கீழே உள்ள இழுவைக் கட்டையில்தான் மாட்ட வேண்டும். மேலே மாட்டினால் முன்சக்கரம் எழும்பும், ஒன்றரை நொடிக்குள் வண்டி பின்னால் மல்லாந்துவிடும். வாய்க்கால் எவ்வளவு ஆழமோ, கரையிலிருந்து குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளியே ஓட்ட வேண்டும். சாலையில் ஏறியதும், இடது வலது சக்கரங்களுக்குத் தனித்தனியாக உள்ள இரண்டு பிரேக் மிதிகளையும் இணைத்துப் பூட்ட வேண்டும்.

டிராக்டர் கடன் தவணை ஓட்டுநர் இறந்த மாதத்திலும் வரும் என்பதைச் செலவுக் கணக்கில் மறக்க வேண்டாம். ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் போன வீட்டில், பெரும்பாலும் அந்த டிராக்டர்தான் முதலில், அதுவும் அவசர விலைக்கு, விற்கப்படுகிறது.

கேள்வி: என் மனைவிக்குக் கூலி கிடையாது, சொந்த வயல்தான். அவருக்குக் காயம்பட்டால் இழப்பு என்று என்ன எழுதுவது?

பதில்: கூலி வாங்காதவர் என்றால் பூஜ்யம் என்று எழுதிவிடுவதுதான் பண்ணைக் கணக்குகளில் உள்ள பெரிய ஓட்டை. அவர் காலை முதல் இரவு வரை செய்யும் வேலைகளை ஒரு வாரம் எழுதி வையுங்கள்: கறவை, தீவனம், களை, விதை காயவைத்தல், சமையல், பிள்ளைகள், முதியவர்கள். ஒவ்வொன்றுக்கும் வெளி ஆள் வைத்தால் என்ன ஆகும் என்று போடுங்கள். பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு கூலிக்கு மேலேயே வரும். மாற்று ஆள் கிடைக்காமல் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை நிறுத்தினீர்கள் என்றால் அதையும் தனி வரியாக எழுதுங்கள். அதற்கு எண் போடுவது கடினம். ஆனால் எழுதப்படாமல் இருக்கக் கூடாது.

கேள்வி: மருந்து அடித்த பிறகு தலைவலி, வாந்தி வருகிறது. ஒரு நாளில் சரியாகிவிடுகிறது. இதையெல்லாம் விபத்து என்று சொல்ல முடியுமா?

பதில்: சொல்ல வேண்டும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் உடலில் நரம்புகள் சரியாக இயங்கத் தேவையான கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. அறிகுறி ஒரே நாளில் அடங்கினாலும், சிவப்பணுக்களில் அந்த நொதி நாளுக்குச் சுமார் 1 சதவீதம் என்ற கணக்கில்தான் திரும்ப ஏறுகிறது. பழைய நிலைக்கு வர மூன்று மாதம்கூட ஆகும். அதற்குள் மறுபடி மருந்து அடித்தால், முன்பு ஒன்றும் செய்யாத அளவே ஆளைச் சாய்த்துவிடும். ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்க இரண்டாம் நாள் அனுப்பி, தீவிர சிகிச்சைக்குச் செலவழிப்பது இப்படித்தான் நேர்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு மருத்துவர் சொல்லும்வரை வேறு வேலை கொடுங்கள்.

வெயில் மயக்கமும் இதுவும் ஒன்றுபோல் தோன்றும். கண்ணின் கருமணி ஊசிமுனையாய்ச் சுருங்கியிருந்தால், எச்சில் வடிந்தால், தசை துடித்தால் நஞ்சு என்று கொண்டு உடனே கிளம்புங்கள். மருந்துப் புட்டியின் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

வயலில் நஞ்சு பெரும்பாலும் தோல் வழியாகவே ஏறுகிறது. அதிலும் ஆபத்து கூடுதல், தண்ணீர் கலக்காத மருந்தை அளந்து ஊற்றும் அந்த இரண்டு நிமிடத்தில். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை அங்கேதான் தேவை. துணிக் கையுறையும் தோல் கையுறையும் மருந்தை உறிஞ்சிக் கையிலேயே பிடித்து வைக்கும். முதுகுத் தெளிப்பானில் மூடி வாஷரும் விசை வால்வும் ஒழுகினால் முதுகு முழுக்க நனையும். வெறும் தண்ணீர் நிரப்பி, அடித்து, ஒழுகல் பார்த்த பிறகே மருந்து ஊற்றுங்கள். அடைத்த நாசிலை வாயால் ஊதாதீர்கள். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றைத் தெளிப்பானோடு கட்டி வைத்துவிடுங்கள்.

கேள்வி: பாம்புக்கடியை வேலை விபத்தில் சேர்க்கலாமா?

பதில்: வயலில், வேலை நேரத்தில் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். உலகில் ஆண்டுக்குச் சுமார் 54 லட்சம் பேரைப் பாம்பு கடிக்கிறது, 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறக்கிறார்கள், அதைப்போல மூன்று மடங்கு பேர் உறுப்பிழப்போ நிரந்தரக் குறைபாடோ அடைகிறார்கள் என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. பாதிப்பு அதிகம் விழுவது வயலில் உழைக்கும் ஏழைகள் மேல். கெண்டைக்கால் வரை வரும் பூட்ஸ், கைவிளக்கு, குவியலைக் கிளற ஒரு நீண்ட கோல் போதும். கடித்த பின் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல், விஷமுறிவு மருந்து உள்ள இடத்துக்கு நேரே போங்கள்.

கேள்வி: சாண எரிவாயுக் குழியில் ஒருவர் விழுந்தால் இன்னொருவர் உடனே இறங்கலாமா? துணி கட்டிக்கொண்டு?

பதில்: இறங்கவே கூடாது. ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் போவது இப்படித்தான். சாணம் அழுகும்போது வரும் நாற்றமுள்ள நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு, அடர்த்தி கூடினால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்யும். நாற்றம் நின்றது என்றால் வாயு போய்விட்டது என்று பொருள் அல்ல. துணி எந்த வாயுவையும் தடுக்காது. எரியும் விளக்கை இறக்கிப் பார்ப்பது ஆக்சிஜனைப் பற்றி மட்டும் ஏதோ சொல்லும், நஞ்சைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மீத்தேன் இருந்தால் வெடிக்கும். சுவாசக் கருவி கொண்ட மீட்பாளர்களை அழையுங்கள். வெளியே நின்றபடி காற்றைச் செலுத்த முடிந்தால் செலுத்துங்கள்.

கேள்வி: விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரத்தில் செலவைக் குறைக்க ஏதாவது வழி உண்டா?

பதில்: உண்டு. என்ஜினை நிறுத்துங்கள். சிக்கிய கையை எடுக்க இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டாதீர்கள், காயம் இரட்டிக்கும். பெல்ட்டைக் கழற்றி, பாகத்தைப் பிரித்து எடுக்க வேண்டும். இரத்தம் வரும் இடத்தைத் துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள்.

துண்டான விரலைத் தேடி எடுங்கள். சுத்தமான நீரில் லேசாக அலசி, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த தண்ணீரில் வையுங்கள். பனிக்கட்டி நேராகப் பட்டால் தசை உறைந்து கெடும். குளிர்ச்சியில் வைத்த விரல் ஒரு நாள் வரை தாங்கும். தசை அதிகமுள்ள கை அவ்வளவு தாங்காது, குளிர்ச்சி இல்லாவிட்டால் ஆறு மணி நேரம்தான். முதல் பதிலில் கடைசியாகச் சேர்ந்த அந்த 208 கூலி, இந்த ஒரு பையால் குறையக்கூடியது.

கேள்வி: காப்பீடு எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பதில்: மரணத்துக்கு என்ன தொகை என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். பண்ணையில் பெரும்பாலானவை விரல், கண், முதுகு. அதனால் பகுதி ஊனத்துக்கான அட்டவணையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வேலைக்கு வராத நாட்களுக்கு வாரப்படி உண்டா? எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும்? கூலியாட்களுக்குப் பொருந்துமா, இல்லை உரிமையாளருக்கு மட்டுமா? வாடகை இயந்திரத்தில் நேர்ந்தால்? பாம்புக்கடியும் பூச்சிக்கொல்லியும் விலக்கப்பட்டவையா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். முதல் நாள் மருத்துவக் குறிப்பில் எங்கே, எந்த இயந்திரத்தில், எப்படி என்பது இருக்க வேண்டும். தவறி விழுந்தார் என்று மட்டும் எழுதியிருந்தால் பின்னால் மனு நிற்காது.

கூலியாட்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விவசாயத் தொழிலாளருக்கும் மற்றத் தொழிலாளரைப் போல விபத்து இழப்பீடு உண்டு என்ற சர்வதேச உடன்படிக்கை 1921-லேயே ஏற்கப்பட்டது. பண்ணைப் பாதுகாப்புக்கென்றே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 184-ஆம் உடன்படிக்கை 2001-இல் வந்தது. காயம்பட்ட ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் செலவு மறைவதில்லை, அது அவர் வீட்டுக்குப் போகிறது.

கேள்வி: கையில் பணம் குறைவு. எதில் தொடங்குவது?

பதில்: காசில்லாதவற்றில். இறங்கினால் என்ஜின் நிறுத்தம், சாவி சட்டைப்பையில். டிராக்டர் மட்கார்டில் யாரும் உட்காரக் கூடாது, குழந்தை என்றால் கண்டிப்பாகக் கூடாது. கத்தி தீட்டல், கிரீஸ், சங்கிலி, போல்ட். அடுத்து உறையும் மூடியும். பிறகு கையுறை, பூட்ஸ். சட்டகம் விலை கூடியது; அதற்கு இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள், அதுவரை சரிவிலும் கரையோரத்திலும் அந்த டிராக்டரை ஓட்டாதீர்கள்.

ஒரு நோட்டும் வேண்டும். தேதி, வேலை, இயந்திரம், என்ன நடந்தது, போன நாட்கள், செலவு என்று ஆறு கட்டம். மயிரிழையில் தப்பியதையும் எழுதுங்கள். துண்டு தண்டில் மாட்டிக் கிழிந்தது, கை தப்பியது என்று ஒரு வரி இருந்தால், செலவுக் கட்டத்தில் பூஜ்யம் போட்டு, பக்கத்திலேயே உறையை மாற்றும் தேதியையும் எழுதிவிடுங்கள்.